எலிக்காரர் வீட்டு மாப்பிள்ளை

எலிக்காரர் பூனை வளர்க்க ஆசைப்பட்டார் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அவர் மனைவிக்கும் வந்தது. அடுப்பிலிருந்த வாணலியை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்ட பிறகு, "ஏங்க, கடைக்கு ஆள் சேக்கறீங்களா?" என்று கேட்டாள்.

எலிக்காரர் என்பது தெரு வைத்த பெயர். அவரே அச்சடித்து வைத்திருந்த விசிட்டிங் கார்டில் 'பூச்சி மற்றும் எலிக் கட்டுப்பாட்டு நிபுணர்' என்று இருந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் எலி அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விடும் என்பாள் மனைவி. ஆனால் மனிதர் தொழிலில் கெட்டிக்காரர், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு வீட்டுக்குள் நுழைந்து இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினால் போதும், எந்த அலமாரிக்குப் பின்னால் யார் குடும்பம் நடத்துகிறார்கள் என்று சொல்லிவிடுவார். துரத்துவது சின்னப் பிள்ளைகூடச் செய்யும், ஓட்டையை அடைப்பதுதான் வேலை என்பார். பொந்து இல்லாத வீட்டில் எதுவும் தங்காது. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் மகளைப் படிக்கவைத்தார், கட்டிக்கொடுத்தார், வேன் வாங்கினார். வேனின் பக்கவாட்டில் மல்லாந்து கிடக்கும் பெரிய எலி ஒன்றின் படம். அதன் பக்கத்தில் கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கும் அவருடைய படம். எலியின் முகத்தில்தான் களை அதிகம் என்பது மகளின் கட்சி.

அப்படிப்பட்டவருக்கு எதற்குப் பூனை? வீட்டுக்கு ஒரு உயிர் இருந்தால் நல்லதுதானே, மகளும் போய்விட்டாளே என்று ஏதோ சொல்லிப் பூசி மெழுகினார். உண்மைக் காரணம் வேறு. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு வக்கீல் வீட்டுக்குக் கறையான் பார்க்கப் போயிருந்தார். வக்கீல் மடியில் கொழுகொழுவென்று ஒரு பூனை. இவர் வாசலில் காலை வைத்ததுதான் தாமதம், அது முடியைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்து ஜன்னல் வழியாகப் பாய்ந்து காணாமல் போய்விட்டது. வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தார். தபால்காரர் மடியில்கூட உட்காரும் பூனையாம் அது, இதுவரை யாரையும் பார்த்து ஓடியதே இல்லையாம்.

எலிக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு வேலையை முடித்து வேனில் ஏறியவர், சாவியைத் திருகாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததெல்லாம் உயிர்களின் வாலைத்தான். எது வந்தாலும் அவருக்கு முதுகைக் காட்டித்தான் போனது. ஒன்றாவது, ஒரே ஒன்றாவது, முகத்தைக் காட்டிக்கொண்டு தன்னிடம் வராதா என்று அவருக்கு அன்றைக்கு ஓர் ஏக்கம் பிடித்துக்கொண்டது. ஐம்பது தாண்டிய மனிதர் இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொல்லவில்லை. மனைவி ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் வேலை பார்ப்பவள், மடித்து வைத்த துணியைப் பிரிக்காமலே உள்ளே கறை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பவள். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் சிரித்தாள், அவ்வளவுதான்.

விலங்குக் காப்பகத்தை நடத்திவந்த அம்மாள் மெலிந்த உருவம், இரண்டு கையிலும் முழங்கைவரை கீறல். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். முதல் கேள்வியாக என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். எலிக்காரர் சட்டைப்பையிலிருந்த விசிட்டிங் கார்டை உள்ளே தள்ளினார். பிறகு, "வீட்டுப் பாதுகாப்பு" என்றார். பக்கத்திலிருந்த மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. அந்த அம்மாள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

கடைசிக் கூண்டில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது ஒரு சாம்பல் பூனை. ஆண். இடது காது பாதிதான் இருந்தது. இடித்துக்கொண்டிருந்த ஒரு கட்டடத்துக்குள்ளிருந்து எடுத்துவந்ததாம். ஒரு குடும்பம் அழைத்துப்போய், கட்டிலுக்கடியை விட்டு வெளியே வரவில்லை என்று இரண்டே நாளில் திருப்பிக் கொண்டுவந்து விட்டதாம். அதைக் கேட்டதும் எலிக்காரர் வேறு எந்தப் பூனையையும் பார்க்க மறுத்துவிட்டார். இதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அந்த அம்மாள் சொன்னவை எளிமையானவைதான். ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுங்கள், தேடிப் போகாதீர்கள், அதுவாக வரட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்ப்பேன். அதற்கு வீடு பிடிக்கவில்லை என்றால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், வேறொரு வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். எலிக்காரர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஆட்டியது தலைதான், காது திறந்திருந்ததா என்பது வேறு விஷயம். பிராணிகள் ஒளிவதைப் பற்றி இந்த ஊரில் தனக்கு ஒருவர் சொல்லிக்கொடுப்பதா என்று அவருக்கு உள்ளூர ஒரு நினைப்பு.

ஆகவே பூனை வருவதற்கு முந்தின நாள், கடைக்கு லீவு போட்டுவிட்டு, தன் வீட்டையே ஒரு வாடிக்கையாளர் வீடாகப் பாவித்து வேலையில் இறங்கினார். சமையலறை அலமாரிகளுக்கு அடியில் தரையோடு இருந்த இடைவெளியைப் பலகை வைத்து ஆணியடித்தார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வலை. கட்டிலைச் சுற்றி அட்டை. சோபாவுக்கடியில் பழைய தலையணைகளைத் திணித்தார். மனைவி வேலையிலிருந்து வந்து பார்த்தபோது வீட்டில் ஒரு குண்டூசி ஒளிய இடமில்லை. மனிதர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றார். அவர் கணக்கு இதுதான்: ஒளிய இடமில்லாத பூனை எங்கே போகும்? நம்மிடம்தான் வந்தாக வேண்டும்.

பூனை வந்தது. கூண்டைத் திறந்ததும் வெளியே வந்து, தரையோடு தரையாக ஊர்ந்து, நேரே சமையலறை அலமாரிக்கடியில் போய் முட்டியது. பலகை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போனது. வலை. கட்டில், அட்டை. சோபா, தலையணை. வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, போக்கிடம் இல்லாமல் கூடத்து மூலையில் திரைச்சீலைக்குப் பின்னால் சுவரில் மூஞ்சியைப் பதித்து நின்றுவிட்டது. முதுகு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. எலிக்காரர் குனிந்து, தேன் ஒழுகும் குரலில், வாடா ராஜா என்றார். ராஜா திரைச்சீலையின் மேலேறி, கம்பியோடு சேர்ந்து கீழே விழுந்தார்.

அடுத்தடுத்து நடந்ததைச் சொன்னால் எலிக்காரருக்கு மரியாதை இல்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். பூனை வாஷிங்மெஷினுக்குள் போய்ப் படுத்தது. தட்டி வெளியே வரவழைத்து அதன் கதவைச் சாத்தினார். செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் போய்ச் சுருண்டது. கீழ்த்தட்டை நிரப்பினார். அழுக்குத் துணிக் கூடைக்குள் புகுந்தது. கூடையைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார். ஒவ்வொரு முறையும் அவருக்கு முகத்தில் வெற்றிக்களை. பழக்கதோஷம், வேறென்ன சொல்ல? பூனையோ ஒரு வாய் சாப்பிடவில்லை. மீனை வேகவைத்து முள்ளெடுத்து வைத்தார்கள். கோழியைப் பிய்த்து வைத்தார்கள். தட்டைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டு பின்னாலேயே போனார் எலிக்காரர்.

மனைவிதான் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள். மூலையில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, வைத்ததைத் தொடவில்லை, வீடே அதைச் சுற்றிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறது, இது மாப்பிள்ளை முறுக்கு இல்லாமல் வேறென்ன என்றாள். மகள் போனில் இதைக் கேட்டுவிட்டு, நிஜ மாப்பிள்ளை முதல் தடவை வந்தபோது இதில் பாதி உபசாரம்கூட நடக்கவில்லையே என்று ஒரு பாட்டம் குறைப்பட்டுக்கொண்டாள். பக்கத்திலிருந்து நிஜ மாப்பிள்ளை ஆமாம் போட்டது கேட்டது.

இரண்டாம் நாள் மாலை மனைவி வேலையிலிருந்து வந்தபோது, எலிக்காரர் கூடத்தில் மண்டியிட்டிருந்தார். பூனை புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு கையகல இடுக்கில் தன்னைத் திணித்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு கையில் மீன் தட்டு, இன்னொரு கையில் அந்த இடுக்கை அளந்து அறுத்த பலகை. பூனை வெளியே வந்ததும் அடைப்பதற்குத் தயார். மனைவி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீங்க பூனைய வளக்கறீங்களா, பிடிக்கறீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஊர்ல எல்லார்கிட்டயும் என்ன சொல்வீங்க? பொந்து இல்லாத வீட்டுல எதுவும் தங்காதுன்னுதானே? இது மட்டும் எப்படிங்க தங்கும்?"

எலிக்காரர் பலகையை மெதுவாகத் தரையில் வைத்தார். அந்த இடுக்கிலிருந்து இரண்டு கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இதே கண்களை எத்தனை பரணில், எத்தனை சாக்கடை மூடிக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்! அந்தக் கண்களுக்கு அவர் யார் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எழுந்து போய்க் காப்பகத்து அம்மாளுக்குப் போன் செய்தார். இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். ஒளிய இடம் கொடுத்தீர்களா என்று அந்த அம்மாள் கேட்டார். இவர் திருதிருவென்று விழித்தார், போனில் அது தெரியாது என்றாலும். நாளைக் காலைக்குள் சாப்பிடவில்லை என்றால் டாக்டரிடம் கொண்டு போகவேண்டும், அப்படியே தானும் வந்து திரும்பக் கூட்டிக்கொள்வதுதான் நல்லது என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று இவருக்குத் தோன்றியது.

போனை வைத்ததும் கத்தி, சுத்தியல், குறடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மனிதர் சமையலறைக்குள் போனார். சுத்தியலின் சத்தம் பூனைக்கு ஆகாது என்று மனைவி தடுத்தாள். ஆகவே ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக, மூச்சுப்பிடித்துக்கொண்டு, ஓசைப்படாமல் பிடுங்கினார். அடிக்கும்போது இல்லாத வியர்வை பிடுங்கும்போது வந்தது. அலமாரிக்கடியிலிருந்த இடைவெளி திறந்தது. ஒரு பழைய கம்பளியை உள்ளே தள்ளிவிட்டு, தட்டை அந்த இடைவெளியின் முன்னால் வைத்துவிட்டு, சமையலறை விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அன்று வெளியிலிருந்து ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை வந்தால் மாமியார் வீட்டில் சமையலறை மூடியிருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள் மனைவி.

எலிக்காரருக்குத் தன் தொழிலிலேயே இன்னொரு பாதி இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எலி என்பது சாதாரணப்பட்ட ஆள் இல்லை. புதிதாக ஒரு பொருளை வைத்தால் கிட்டவே வராது. தெரியாதவர்கள்தான் பொறியை வைத்த அன்றே எலியை எதிர்பார்ப்பார்கள். தெரிந்தவர்கள் பொறியை விரித்துவிடாமல் வெறும் தீனியை மட்டும் வைத்து, அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் நாட்களை விடுவார்கள். வந்து தின்று, இது ஆபத்தில்லாத இடம் என்று எலியே முடிவு கட்டவேண்டும். இந்தப் பொறுமையை ஊர்பேர் தெரியாத எலிகளுக்கெல்லாம் வாரி வழங்கியவர், வீட்டுக்கு வந்த பூனைக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. இதை அவரே மனைவியிடம் சொன்னார். சொல்லிவிட்டு, கடைசியில் பொறியை வைக்கிற பகுதியை மட்டும் விட்டுவிட்டால் போதும், மற்றதெல்லாம் ஒன்றுதான் என்றார்.

பூனை வெளியே வருகிறதா என்று கண்ணால் பார்க்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழியும் அவர் கையில் இருந்தது. படுக்கப் போகுமுன் சமையலறைத் தரையில் மைதாவை மெல்லிசாகத் தூவினார். காலையில் குனிந்து பார்த்தால் கால்தடம் பேசும். மறுநாள் காலை மனைவி அதில் வழுக்கி, அடுப்பு மேடையைப் பிடித்து நின்றாள். கணவன் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, வந்திருக்கும்மா, வந்திருக்கு, தட்டை நக்கிட்டு அலமாரிக்கடியில போயிருக்கு என்று குழந்தை மாதிரி சொன்னதைக் கேட்ட பிறகு அவளுக்குத் திட்ட மனம் வரவில்லை. அவர் காப்பகத்துக்குப் போன் போட்டு, சாப்பிட ஆரம்பித்துவிட்டது என்று சொல்லி முடித்த பிறகு சாவகாசமாகத் திட்டினாள்.

அந்த வாரம் மனைவியின் கை ஓங்கியது. அவருடைய தலைமுடியிலும் பெல்ட்டிலும்கூட மருந்து வாடை இருக்கிறது, பூனைக்கு அந்த மருந்து ஆகவே ஆகாது, இந்தக் கோலத்தில் வீட்டுக்குள் காலை வைக்கக்கூடாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். கடையிலேயே குளித்து, கடையிலேயே உடை மாற்றி, செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். கடையில் வெந்நீர் கிடையாது. பல் கிடுகிடுக்கக் குளித்துவிட்டு, தலையில் படிய வாரிக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சோப்பு மணக்கும் சட்டையில் தினமும் சாயங்காலம் வந்து நிற்கும் புருஷனைப் பார்த்து, பெண் பார்க்க வந்தபோதுகூட நீங்கள் இவ்வளவு சுத்தமாக வரவில்லை என்றாள்.

வந்ததும் சமையலறைக்குள் போய், அலமாரிக்கு எதிர்ச்சுவரோரமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். பேப்பரைத் தரையில் விரித்து, முன்னால் குனிந்து, மெதுவான குரலில் வாசிப்பார். இடைவெளிப் பக்கம் திரும்பவே மாட்டார். பூனைக்குக் குரல் பழகவேண்டும் என்பது திட்டம். செய்தியில் குண்டு, கொலை எல்லாம் வருவதால், பயந்த பிள்ளைக்கு அது வேண்டாம் என்று வாடகைக்கு வீடு விளம்பரங்களை வாசித்தார். இப்படியே வாசித்தால் அது நல்லதாக வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடப் போகிறது என்று மனைவி எச்சரித்தாள். நாட்கள் போகப் போகத் தட்டு காலியானது. கால்தடங்கள் தட்டிலிருந்து கூடம்வரை, கூடத்திலிருந்து செருப்பு விடும் இடம்வரை நீண்டன. ஆனால் அவர் கண்ணில் அது ஒரு தரம்கூடப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காப்பகத்து அம்மாள் கையில் காலிக் கூண்டோடு வந்தார். எலிக்காரர் கூண்டைப் பார்க்காத மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டார். வேனை முன்ஜாக்கிரதையாக அடுத்த தெருவில் விட்டிருந்தார். உட்காருங்கள், டீ சாப்பிடுங்கள் என்று ஆரம்பிப்பதற்குள் அந்த அம்மாள் பேசினார்.

"அடுத்த தெருவுல வண்டிய நிறுத்தினேன். எனக்கு முன்னாடி ஒரு வேன். பெரிய எலி படம். பக்கத்துல உங்க படம்." கொஞ்சம் நிறுத்தினார். "வீட்டுப் பாதுகாப்புன்னீங்க."

எலிக்காரர் முகத்தில் அசடு வழிந்தது. "எலிகிட்டேருந்து" என்று மனைவிதான் மெதுவாக எடுத்துக் கொடுத்தாள்.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்துகளை எங்கே வைக்கிறீர்கள், உடுப்பை எங்கே மாற்றுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மனைவி பதில் சொன்னாள். கடைசிப் பதில்வரை கேட்டுவிட்டு, சரி, பூனையைக் காட்டுங்கள் என்றார். எலிக்காரர் சமையலறையில் அலமாரிக்கடியைக் காட்டினார். உள்ளே இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது, நேற்றுக் கூடம்வரை நடந்தது என்றார். கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டார் அந்த அம்மாள். இல்லை என்றார் இவர். ஒரு வாரமாக ஒருவர் கண்ணிலும் படாத பூனையை நன்றாக இருக்கிறது என்று எப்படி நம்புவது என்று அந்த அம்மாள் கேட்டதில் நியாயம் இருந்தது. டார்ச் எடுத்தார். டார்ச் வேண்டாம் என்று இவர் கையை நீட்டி மறைத்தார்.

"எனக்கு உங்க மேல கோபம் ஒண்ணும் இல்லங்க. இன்னொரு வீடு இருக்கு. டீச்சர் ஒருத்தங்க, தனியா இருக்காங்க, மருந்து கிருந்து ஒண்ணும் கிடையாது. பூனைக்கு எது நல்லதுன்னுதான் பாக்கணும். வெளிய எடுங்க, பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

வெளியே எடுப்பது எலிக்காரருக்கு ஒரு நிமிஷ வேலை. அலமாரியின் அந்தக் கோடியில் இரண்டு தட்டுத் தட்டினால் இந்தக் கோடி வழியாகச் சீறிக்கொண்டு வரும். வந்தால் அந்த அம்மாள் பார்ப்பார், உடம்பு தேறியிருப்பது தெரியும், ஒருவேளை விட்டுவிட்டும் போவார். தட்டாவிட்டால் கொண்டுபோய்விடுவார். விரல் மடங்கி, தட்டுவதற்குத் தயாராகக்கூட ஆகிவிட்டது. மனைவி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ரெண்டு தட்டுத் தட்டினா வந்துடும்மா. ஆனா தட்ட மாட்டேன். வாழ்க்கை பூரா வெளிய துரத்தியாச்சு. இதையும் துரத்த என்னால முடியாது. நீங்க கூட்டிட்டுப் போறதா இருந்தாலும் சரி, அது தானா வரட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போங்க."

காப்பகத்து அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். எவ்வளவு நேரம் ஆகும் என்றார். பசித்தால் வரும் என்றார் இவர். அந்த அம்மாள் அலமாரியின் கோடியில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கூண்டைக் காலடியில் வைத்துக்கொண்டார். மனைவி தட்டில் மீனை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். எலிக்காரர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, பேப்பரை விரித்து, குனிந்து வாசிக்க ஆரம்பித்தார். கிழக்குப் பார்த்த இரண்டு அறை. காற்றோட்டம் உள்ளது. சிறு குடும்பத்துக்கு ஏற்றது. ஒரே விளம்பரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

பூனை வந்ததை அவர் பார்க்கவில்லை. மனைவியின் மூச்சு நின்றதை வைத்துத்தான் தெரிந்துகொண்டார். திரும்பிப் பார்க்க உடம்பின் ஒவ்வொரு எலும்பும் துடித்தது. திரும்பவில்லை. சிறு குடும்பத்துக்கு ஏற்றது என்று இன்னொரு முறை வாசித்தார். தட்டு லேசாக நகரும் ஓசை, நக்கும் ஓசை. கொண்டுபோகப் போகிறார்கள் என்றாலும் நன்றாகத் தின்றுவிட்டுப் போ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அவர் கண்ணுக்கு எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

அந்த அம்மாள் பாதிக்காதைச் சரியாகப் பார்க்கவேண்டும் என்று கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். கால் பட்டுக் கூண்டின் கதவு படாரென்று விழுந்தது.

பூனை துள்ளியது. பொந்துக்குத்தான் ஓடியிருக்கும், ஆனால் பொந்தை ஒட்டித்தான் கூண்டும் இருந்தது, அந்த அம்மாளின் கால்களும் இருந்தன. ஒரு பக்கம் கதவு, அங்கே மனைவி. பூனை நடுத்தரையில் ஒரு கணம் நாலா பக்கமும் பார்த்தது. பிறகு பேப்பரின் மேலே பாய்ந்து, கிழக்குப் பார்த்த இரண்டு அறையைக் கிழித்துக்கொண்டு, எலிக்காரரின் இடுப்போரமாக நுழைந்து, அவர் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே போய்ப் புகுந்துகொண்டது.

யாரும் அசையவில்லை. எலிக்காரர் குனிந்த நிலையிலேயே உறைந்துபோயிருந்தார். முதுகில் ஒரு சின்ன உடம்பு முழுபலத்தோடு அழுந்திக்கொண்டிருந்தது. அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது சட்டைக்குமேலேயே தெரிந்தது. எந்த நிமிஷமும் பிய்த்துக்கொண்டு ஓடும் என்று காத்திருந்தார். ஓடவில்லை. அடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. நகம் பதித்திருந்த இடத்தில் பிடி தளர்ந்தது.

"ஒரு வருஷம் சோறு போட்டவ நான்," என்றார் காப்பகத்து அம்மாள், ஸ்டூலைவிட்டு மெதுவாக எழுந்தபடி. "என்னப் பாத்துட்டு உங்ககிட்ட ஓடுது பாருங்க." முகத்தில் ஒரு பக்கம் வருத்தமும் ஒரு பக்கம் சிரிப்புமாக இருந்தது. காலிக் கூண்டை எடுத்துக்கொண்டார். எலிக்காரர் மரியாதைக்கு எழப் பார்த்தார். "எந்திரிக்காதீங்க," என்று கையமர்த்திவிட்டு, டீச்சர் வீட்டுக்கு வேறு பூனை பார்த்துக்கொள்கிறேன் என்று மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, காலைத் தேய்க்காமல் நடந்து வெளியே போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்த மனைவி எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மாமனாரே, எப்ப எந்திரிக்கறதா உத்தேசம்?"

அவர் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை, முதுகு அசையுமே என்று. மிக மெதுவாகச் சொன்னார்.

"இதுவரைக்கும் ஒண்ணுகூட என்கிட்ட வந்ததில்லம்மா."

மனைவி எழுந்து போய் டீ போட்டாள். டம்ளரை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், கையை நீட்டவில்லை. ஆடை படர்ந்து டீ ஆறிப்போனது. அவள் அதைக் கொட்டிவிட்டு வேறு சூடாகப் போட்டுக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, தானே அவர் வாயருகே பிடித்தாள்.